தக்காளி, கத்தரிச் செடிகளின் வாடல் நோய்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் லயன் வீட்டருகே தக்காளி, கத்தரி, மிளகாய் பயிரிடுவோர் கவனிக்க!

மண் ஈரமாயிருந்தும், இலை பச்சையாயிருக்கையிலேயே செடி திடீரெனத் துவளுமாயின், மேலும் நீர் ஊற்றுவதாற் பயனில்லை. அடித்தண்டை வெட்டி, வெட்டுவாய் தெளிந்த நீரில் அமிழுமாறு பிடிக்க. சில நிமிடங்களிற் பால்போன்ற இழை வடியுமாயின், அது பற்றீரியா வாடல் நோயே. மண்ணில் வாழும் இக்கிருமி வேர்க்காயங்களின் வழியே புகுந்து, நீர் செல்லும் குழாய்களை அடைத்துவிடும். மருந்து தெளித்துக் குணமாக்க இயலாது.

செய்ய வேண்டியவை:

1. செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிடுக, எருக்குழியில் இடலாகாது.
2. மண்வெட்டியைக் கழுவுக. மழைநீர் அடுத்த பாத்திக்கு ஓடாதவாறு கான் வெட்டுக.
3. அவ்விடத்திற் பல போகங்களுக்குச் சோளம், பயற்றை முதலியன நடுக, உருளைக்கிழங்கும் ஆகாது.
4. சுண்டங்கத்தரி அடிக்கட்டையில் ஒட்டிய கத்தரி இந்நோயைத் தாங்கும்.

இரக்கப்பட்டு ஒரு செடியை விட்டுவைத்தால், அயல்வீட்டுப் பாத்தியும் அழியும்.