கரண்டியும் கடிகாரமும்

நாற்பத்தோரு வருடம் கும்பகோணத்தைச் சுற்றிக் கல்யாணச் சமையல் செய்தவன் நான். ருசி பார்ப்பதும் தொழிலில் ஒரு பாகம். 58 வயதில் என் எடை 96 கிலோ. மாடிப்படி ஏறினால் முட்டி வலிக்கும், சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. அடுத்த இரண்டரை வருடத்தில் 19 கிலோ குறைந்தேன். இப்போது 68 வயது, எடை ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது. இது தெரிந்து, என்னோடு பரிமாற வந்த பையன்களும் உறவுக்காரப் பெண்களும், "மாமா, நான் இன்டர்மிட்டென்ட் ஃபாஸ்டிங் ஆரம்பிக்கப் போறேன், என்ன செய்யணும்?" என்று கேட்டு வருகிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் எழுதுகிறேன்.

1. முதலில் ரத்தப் பரிசோதனை. அதன் பிறகு உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை. சர்க்கரை இருப்பது தெரியாமலே நடமாடுகிறவர்கள் நம் ஊரில் நிறைய. இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருந்தின் அளவை மாற்றாமல் பட்டினி கிடந்தால், ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். உடம்பு வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். அந்த நேரத்தில் விரதத்தை நினைக்கவே கூடாது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்துவிட வேண்டும். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், 18 வயது நிறையாத பிள்ளைகள், எப்போதாவது சாப்பாட்டையே வெறுத்து ஒதுக்கியோ அளவில்லாமல் அள்ளித் தின்றோ அவதிப்பட்டவர்கள், இவர்கள் யாருக்கும் இந்த வழி வேண்டாம். எவ்வளவு கெஞ்சினாலும் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

2. கடிகாரம் எடையைக் குறைக்காது. 16 மணி நேரம் பட்டினி, 8 மணி நேரத்துக்குள் சாப்பாடு என்பதில் ஏதோ மந்திரம் இருப்பதாக நம்பித்தான் பாதிப் பேர் வருகிறார்கள். பட்டினி கிடந்தால் செல் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும், அதற்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள் என்பார்கள். 2016-ல் ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்குக் கொடுத்தது உண்மைதான். அவர் அதை ஆராய்ந்தது ரொட்டி மாவைப் புளிக்கவைக்கிற ஈஸ்டில். தொப்பை கரைவதற்காகக் கொடுத்த பரிசு இல்லை அது.

உணவியல் படித்த என் மருமகள் ஓர் ஆய்வை எனக்கு வாசித்துக் காட்டினாள். சீனாவின் குவாங்சோ நகரத்தில் உடல் பருமன் உள்ள 139 பேரை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். எல்லோருக்கும் கலோரி அளவு ஒன்றுதான். ஆண்களுக்கு 1500 முதல் 1800, பெண்களுக்கு 1200 முதல் 1500. ஒரு பிரிவினர் மட்டும் காலை 8 மணியிலிருந்து மாலை 4 மணிக்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், நேரம் பார்த்துச் சாப்பிட்டவர்கள் சராசரியாக 8 கிலோ, மற்றவர்கள் 6.3 கிலோ குறைந்திருந்தார்கள். நேரத்தால்தான் கூடுதலாகக் குறைந்தது என்று சொல்லும் அளவுக்கு அந்த வித்தியாசம் பெரிதில்லை என்று 2022-ல் வெளியிட்டுவிட்டார்கள். அளவுதான் வேலை செய்திருக்கிறது.

அப்படியென்றால் நேரம் எதற்கு என்று கேட்பீர்கள். எனக்கு அது வேலி. ராத்திரி ஏழரைக்குச் சமையலறை விளக்கை அணைத்துவிட்டால், பத்து மணிக்குக் கை தேடுகிற மிக்சரும் முறுக்கும் உள்ளே போவதில்லை. வேலிக்குள் எவ்வளவு மேய்கிறோம் என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

3. நமக்கு இது புதிதும் இல்லை. என் அம்மா சனிக்கிழமை ஒருபொழுது இருப்பார். ஏகாதசியன்று சாதம் கிடையாது. ஆனால் ராத்திரி பலகாரம் என்று நெய் விட்ட கோதுமை ரவை உப்புமாவும் வாழைப்பழமும் பாலும் வந்துவிடும். அமாவாசை விரதம் வடை பாயசத்தோடு முடியும். பிரியாணி அடுப்பை இருபது வருடம் பார்த்துக்கொண்ட பாய் ஒருவர் என்னிடம் சொன்னதை மறக்கவில்லை. நோன்பு திறந்ததும் கஞ்சியும் பேரீச்சம்பழமுமாக நின்ற வருடங்களில் இளைத்தாராம், சமோசாவும் பஜ்ஜியும் சேர்ந்த வருடங்களில் பெருத்தாராம். அந்த விரதங்களெல்லாம் சாமிக்காக இருப்பவை, எடைக்காக இல்லை. குறை சொல்ல வரவில்லை. பட்டினி கிடந்த நேரத்தைச் சாப்பாட்டால் ஈடுகட்டிவிட முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

4. 12 மணி நேரத்தில் தொடங்குங்கள். நான் முதல் வாரமே 16 மணி நேரம் என்று பிடித்துக்கொண்டேன். ஆவணி முகூர்த்தம், 600 பேர் சாப்பாடு. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் விறகடுப்பு முன்னால் நின்றேன். சாம்பார் அண்டாவை இறக்கும்போது கண் இருட்டிவிட்டது. மறுபக்கம் பிடித்திருந்த பையன் சமாளித்து நிறுத்தியிருக்காவிட்டால் அவன் கால் வெந்திருக்கும். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

ராத்திரி 8 மணிக்கு முடித்துக் காலை 8 மணிக்குச் சாப்பிடுங்கள். பத்துப் பதினைந்து நாள் போகட்டும். பிறகு ராத்திரிச் சாப்பாட்டை 7 மணிக்கும் காலைச் சாப்பாட்டை 9 மணிக்கும் நகர்த்தினால் 14 மணி நேரம் ஆகிவிடும். நான் அதோடு நின்றுவிட்டேன், எனக்கு அது போதுமாக இருந்தது. காலை இட்லியை விட்டுவிட்டு ராத்திரி பத்தரைக்குப் பரோட்டா சாப்பிடுவதை மட்டும் விரதம் என்று சொல்லாதீர்கள். வெயிலில், அடுப்படியில், வண்டி ஓட்டி வேலை செய்கிறவர்கள் உடம்பு பழகும்வரை லீவு நாளில் மட்டும் செய்து பாருங்கள். தண்ணீர் எந்த நேரமும் குடிக்கலாம்.

5. எண்ணெயைக் கண்ணால் அளக்காதீர்கள். இதைச் சொல்ல எனக்குக் கூடுதல் கடமை இருக்கிறது, காலமெல்லாம் கண்ணளவிலேயே ஊற்றியவன் நான். ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி, புரதத்தில் 4, கொழுப்பில் 9. எண்ணெய் முழுக்கக் கொழுப்பு. ஒரு லிட்டர் பாக்கெட்டில் 910 கிராம் என்று அச்சடித்திருப்பார்கள். பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 8200 கலோரி. நாலு பேர் இருக்கும் வீட்டில் மாதம் 4 லிட்டர் செலவானால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 30 கிராம், 270 கலோரி. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2000 கலோரிச் சாப்பாட்டுக்கு 27 கிராம் கொழுப்பு வகை போதும் என்கிறது. எடை குறைக்க நினைக்கிறவர்கள் 2000-க்கும் கீழே சாப்பிடுகிறவர்கள். மேலே சொன்ன 30 கிராமில் நெய்யும் கடை வடையும் சேரவே இல்லை.

இட்லி பாவம். ஒன்றுக்கு 50, 60 கலோரிதான். மிளகாய்ப்பொடியில் குழைக்கிற ஒரு மேஜைக்கரண்டி நல்லெண்ணெய் 120 கலோரி. இரண்டு இட்லி சாப்பிடுவதாக நினைத்து நாலு இட்லி சாப்பிடுகிறோம். வெண்பொங்கல் கரண்டியில் ஒட்டாமல் வழுக்கி இலையில் விழுகிறதே, அது நெய்யின் வேலை.

ருசி கெடாமல் எண்ணெயைக் குறைக்க முடியும். தாளிக்க அகலமான வாணலியை எடுக்காதீர்கள், அது எண்ணெய் அதிகம் கேட்கும். குழியான சின்னத் தாளிப்புக் கரண்டியில் ஒரு டீஸ்பூன் எண்ணெயிலேயே கடுகு மூழ்கி வெடிக்கும். கத்தரிக்காய் எண்ணெயைக் குடிக்கிற காய். முக்கால் பதம் ஆவியில் வேகவைத்துவிட்டு வதக்கினால் பாதி எண்ணெய் போதும். தோசைக்கல்லில் பாதியாக நறுக்கிய வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேயுங்கள். ஒரு வாரத்துக்கு வேண்டிய எண்ணெயைத் தனிச் சீசாவில் ஊற்றி வையுங்கள். வியாழக்கிழமையே தீர்ந்துபோனால் எங்கே போனதென்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

6. அரிசியைப் பச்சையாக அளங்கள். வடித்த சோற்றைப் பார்த்துக் கொஞ்சம்தான் போட்டேன் என்பார்கள். ஆளுக்கு ஆள் அந்தக் கொஞ்சம் மாறும். 100 கிராம் அரிசி சுமார் 350 கலோரி, வெந்தால் ஏறத்தாழ 300 கிராம் சோறு. ஒரு வேளைக்கு அரை ஆழாக்கு அரிசிச் சோறு வைத்துக்கொண்டு, மீதி இடத்தைக் கூட்டு, பொரியல், கீரையால் நிரப்புங்கள். சிறுதானியத்துக்கு மாறினால் தானே இளைத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். நார்ச்சத்து கூடுதல், பசி தாங்கும். கலோரி அரிசிக்குக் கிட்டத்தட்டத்தான்.

7. காபி. 100 மில்லி பாலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரையும் சேர்ந்தால் 100 கலோரி. நாளைக்கு நாலு என்றால் 400, அது ஒரு வேளை டிபன். விரத நேரத்தில் பாலும் சர்க்கரையும் இல்லாத கடுங்காபி குடிக்கலாம்.

8. பருப்பு, சுண்டல், முட்டை, மீன். இவற்றில் கை வைக்காதீர்கள். எடை குறையும்போது கொழுப்பு மட்டும் போவதில்லை, தசையும் சேர்ந்து போகும். அமெரிக்காவில் 116 பேரை 12 வாரம் வைத்துச் செய்த ஓர் ஆய்வில், மத்தியானம் 12 முதல் ராத்திரி 8 வரை மட்டும் சாப்பிட்டவர்களின் எடை மற்றவர்களைவிடப் பெரிதாகக் குறையவில்லை, குறைந்ததிலும் பெரும்பங்கு தசையாகவே போயிருந்தது. நம் நாட்டு அளவுப்படி ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 70 கிலோ ஆளுக்கு 58 கிராம். ரசஞ்சாதமும் அப்பளமும் சாப்பிட்டு அதை எட்ட முடியாது. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது, 100 கிராம் மீனில் 20 கிராம் அளவுக்கு வரும். சைவக்காரர்கள் சுண்டலைக் கோயில் பிரசாதமாக மட்டும் பார்க்காமல் தினசரி கிண்ணத்தில் வைக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதையும் மருத்துவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். கூடவே உட்கார்ந்து எழுவது, எடை தூக்குவது மாதிரி ஏதாவது ஒன்று, வாரத்துக்கு இரண்டு மூன்று நாள்.

9. முதல் வாரம் இரண்டு கிலோ குறைந்தால் துள்ளாதீர்கள். உடம்பில் சேர்த்துவைத்த மாவுச்சத்து கரையும்போது அதோடு ஒட்டியிருக்கும் தண்ணீரும் போகிறது. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7700 கலோரி குறைய வேண்டும். தினமும் 500 குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் கம்மி. அதற்குமேல் வேகம் வேண்டாம், அவசரமாக இளைத்தவர்களுக்குப் பித்தப்பைக் கல் வருவதுண்டு. எனக்கு ஏழாம் மாதத்தில் ஐந்து வாரம் முள் அசையவே இல்லை. எடை குறைந்த உடம்புக்குச் செலவும் குறைவு, அதுதான் காரணம். அப்போது அளவுநாடாவை எடுத்து இடுப்பைப் பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், இதற்குள் வருவதுதான் இலக்கு.

10. சாப்பாட்டு நினைப்பு தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தால் அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944, 45-ல், அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார். எல்லோரும் தாமாக முன்வந்தவர்கள். நாளைக்குக் கிட்டத்தட்ட 1570 கலோரி கொடுத்து, நிறைய நடக்கவும் வைத்தார்கள். எடையில் கால் பங்கு போனது. அதைவிட என்னை உலுக்கியது இன்னொன்று. சமையலில் அக்கறையே இல்லாத பையன்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படிக்க ஆரம்பித்தார்களாம். எரிச்சல், சோர்வு, யாரோடும் பேசப் பிடிக்காத மனசு. உங்களுக்கு அப்படி ஆனால் வைராக்கியம் காட்டாதீர்கள். ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ ஒரு கிண்ணம் தயிரோ சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்து இளைக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

11. கல்யாண வீட்டுக்குப் போகாமல் இருக்காதீர்கள். சமைக்கிறவன் மனசு எனக்குத் தெரியும், இலையில் உட்கார்ந்தவர் ஒன்றும் தொடாமல் எழுந்தால் அது வலிக்கும். போகும் முன் பட்டினி கிடந்து வயிற்றைக் காலி செய்துகொண்டும் போகாதீர்கள், அப்படிப் போனால் சாம்பார் வருவதற்குள் வடையும் சிப்ஸும் தீர்ந்திருக்கும். நான் முதலில் கோசுமரியையும் பொரியலையும் கூட்டையும் சாப்பிட்டு முடிப்பேன், பொரியலை மறுபடியும் கேட்டு வாங்குவேன். ஒரே ஒரு முறை சாதம், அதைச் சாம்பாருக்கும் ரசத்துக்கும் பாதியாகப் பிரித்துக்கொள்வேன். மோர் டம்ளரில். வடையைப் பக்கத்து இலைப் பையனுக்குக் கொடுத்துவிடுவேன். பாயச வாளி வரும்போது மட்டும் இலையை மூடுவதில்லை. பரிமாறுகிற தம்பியிடம் அரைக் கரண்டி என்று சொல்லிவிட்டு, அவன் கையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.