உடனே இறக்கியிருக்கலாமே!

கேள்வி: திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம், கோளாறு தெரிந்த பிறகும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே சுற்றியது. விமானி உடனே இறக்கியிருக்க வேண்டாமா? எங்கள் ஊர் டீக்கடையில் இன்னும் வாக்குவாதம் ஓயவில்லை.
– வாசகர் ஒருவர், பாளையம்பட்டி

பதில்: விமானி செய்ததுதான் சரி. 2024 அக்டோபர் 11 மாலை, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் போயிங் 737 கிளம்பியதுமே ஹைட்ராலிக் அமைப்பு பழுதானது. சக்கரம், பிரேக் போன்றவற்றை இயக்குவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஷார்ஜா வரைக்கும் நிரப்பிய எரிபொருளோடு இறங்கினால் எடை அதிகம். ஓடுபாதையில் நிறுத்துவது கடினம். 737-800 ரகம் சுமார் 79 டன் வரை கிளம்பலாம். இறங்குவதற்கான வரம்போ சுமார் 66 டன்தான். வானில் எரிபொருளைக் கொட்டிவிடும் வசதியும் அதில் கிடையாது. சுற்றித்தான் எரிக்க வேண்டும். தீயோ புகையோ இருந்திருந்தால், எடையைப் பாராமல் உடனே இறக்குவதே முறை.

2009-இல் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கிய சல்லன்பெர்கரையும் இப்படித்தான் கேட்டார்கள். பறவை மோதியதுமே திரும்பியிருந்தால் விமான நிலையத்தை எட்டியிருக்கலாம் என்றன சில சோதனைகள். நிலைமையைப் புரிந்துகொள்ள 35 விநாடி சேர்த்துப் பார்த்தபோது, அது முடியவில்லை.

விமானியின் முடிவைத் தாராளமாக விவாதியுங்கள், விசாரணைகள் அதற்காகத்தான். ஆனால் அந்த நொடியில் அவருக்கு என்ன தெரியும் என்பதை வைத்து எடைபோடுங்கள். திருச்சியில் 140-க்கும் மேற்பட்டோர் பத்திரமாக இறங்கினார்கள். அந்தப் பொறுமைக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.