கனமாகத் தட்டினால்தான் லேசாகும்

அன்புள்ள தம்பிக்கு,

தவலை அடையை உடம்புக்கு லேசாகச் செய்ய வேண்டும், அரிசிக்குப் பதில் ஓட்ஸ் போட்டு, எண்ணெயே விடாமல், ஒட்டாத சட்டியில் மெல்லிசாகத் தட்டினால் சரியாக வருமா என்று கேட்டிருந்தாய். மூன்று யோசனை சொல்லியிருக்கிறாய். மூன்றும் தவறு. உன்மேல் குறையில்லை. பத்திரிகைகளின் சமையல் பக்கத்தைப் புரட்டினால் இந்த மூன்றும்தான் மாறி மாறி வருகின்றன. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அரிசியையும் பருப்பையும் ரவையாக உடைப்பது, தாளித்துக் கொதிக்கவிட்டுக் கிளறுவது எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். அதையெல்லாம் விட்டுவிட்டு, காரணங்களை மட்டும் பார்ப்போம்.

முதலில் கணக்கு. அரிசி 200 கிராம், பருப்பு வகைகள் 100 கிராம் என்று வைத்துக்கொள். உடைத்த ரவை இரண்டு டம்ளர் சொச்சம் வரும், அதில் பத்து அடை தட்டலாம். அரிசியானாலும் துவரம் பருப்பானாலும் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 கலோரி. ஆக ரவை முழுவதற்கும் 1050. தேங்காய்ப் பல் 50 கிராம் போட்டால் இன்னொரு 175. தாளிக்க இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், 240. இனித்தான் விஷயமே இருக்கிறது. அடை ஒன்றுக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் சுற்றிலும் எண்ணெய் விட்டால் பத்து அடைக்கு 1200 கலோரி. அரிசியும் பருப்பும் சேர்ந்து கொடுப்பதைவிட அதிகம்! கொஞ்சம் எண்ணெய் பாத்திரத்தோடு தங்கிவிடும் என்று கழித்தாலும் கணக்கு பெரிதாக மாறாது. இப்போது உன் ஓட்ஸுக்கு வா. ஓட்ஸ் 100 கிராமுக்கு 390 கலோரி சுமார். அரிசியைவிட அதில் கொழுப்பு கூடுதல். 200 கிராம் அரிசியை எடுத்துவிட்டு ஓட்ஸ் போட்டால் கலோரி குறையாது, 80 ஏறும். நார்ச்சத்து உண்டு, உண்மைதான். அது வேறு நன்மை. நீ கேட்டது லேசாக்குவதைப் பற்றி. பருப்பைக் கூட்டி அரிசியைக் குறைத்தாலும் கலோரி அப்படியேதான் இருக்கும், புரதம் மட்டும் கூடும். கனம் தானியத்தில் இல்லை, கரண்டியில் இருக்கிறது. சமையல் குறிப்புகளில் 'எண்ணெய் – தேவையான அளவு' என்று ஒரு வரி போடுகிறார்களே, அந்த வரியைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. உப்புக்கு அப்படிச் சொல்லலாம், நாக்கே சொல்லிவிடும். எண்ணெய்க்கு நாக்கு கணக்கு வைப்பதில்லை. அளவில் அக்கறை காட்டிய புத்தகம் ஒன்று உண்டு. எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' முதல் பாகம் 1951-இல் வந்தது. மெட்ரிக் அளவைகளைக் கொண்டுவந்த சட்டமே 1956-இல்தான். கிராமும் மில்லிலிட்டரும் வீட்டுக்குள் நுழையாத காலத்தில், அளவு தெரியாமல் யாரும் தடுமாறக் கூடாது என்று ஒரு பெண்மணி உட்கார்ந்து எழுதிய புத்தகம் அது. நான் அதை நாவல் படிப்பதுபோலப் படிக்கிறவன். நீயும் ஒருமுறை படி.

எண்ணெய்தான் கனம் என்றால், எண்ணெயே விடாமல் மெல்லிசாகத் தட்டினால் என்ன என்று கேட்பாய். இங்கேதான் என் பிடிவாதம். கனமாகத் தட்டு. எண்ணெயை மாவு மேற்பரப்பில்தான் பிடித்துக்கொள்கிறது, நடுவரைக்கும் போவதில்லை. ஓர் அடைக்கு நூற்றுப் பதினைந்து கன சென்டிமீட்டர் கிளறிய மாவு எடுக்கிறாய் என்று கொள். இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் தட்டினால் குறுக்களவு எட்டரை சென்டிமீட்டர், உள்ளங்கைக்குள் அடங்கும். அதே மாவை அரை சென்டிமீட்டருக்குத் தட்டினால் பதினேழு சென்டிமீட்டர், சாப்பிடும் தட்டில் பாதிக்கு மேல் பரவும். மாவு அதேதான், ஆனால் கல்லில் படும் பரப்பு நாலு மடங்கு. விளிம்பின் பரப்பையும் சேர்த்துப் பார், அப்போதும் மெல்லிய அடைக்குத்தான் பரப்பு மிக அதிகம். மெல்லிசாக இருக்கிறதே, லேசாக இருக்கும் என்று கண் சொல்கிறது. அது நாலு மடங்கு இடத்தில் எண்ணெய் கேட்டுக்கொண்டிருக்கிறது. சாதாரண அடையில் இந்தக் கனம் முடியாது. பச்சை மாவு, நடு வேகாமல் நின்றுவிடும். தவலை அடையின் சூட்சுமமே வேறு. ரவையின் அளவைப்போல் இரண்டரைப் பங்கு தண்ணீரில் அது முன்பே வெந்துவிட்டது. தவலைப் பாத்திரத்தில் நடப்பது வேகவைப்பது அல்ல, மேலே ஒரு தோல் கட்டுவது மட்டும்தான். முன்பே வெந்ததால் கனமாகத் தட்ட முடிகிறது, கனமாகத் தட்டுவதால் எண்ணெய் குறைகிறது. தஞ்சாவூர் அடுக்களை கண்ட இந்த முறையே லேசான முறைதான். அதன்மேல் கரண்டி கரண்டியாக ஊற்றியது நாம். ஈரானில் சோற்றுப் பானையின் அடியில் பொன்னிறமாக ஒரு தோல் கட்டவைத்து அதற்குத் தஹ்திக் என்று பெயர் சொல்கிறார்கள். இங்கிலாந்தின் ஷெப்பர்ட்ஸ் பையிலும் மேலே பரப்பிய உருளைக்கிழங்கு முறுகுவதுதான் அழகு. அந்தப் பையிலும் உள்ளே இருப்பது முன்பே வெந்ததுதான்.

அப்படியானால் எண்ணெயை அடியோடு விட்டால்தான் என்ன? கூடாது. மாவின் அடிப்பக்கம் மேடுபள்ளமானது. உலோகத்தின் மேல் அங்கங்கே மட்டும் தொட்டு நிற்கும். நடுவில் இருக்கும் இடைவெளியில் காற்று இருந்தால் சூடு ஏறாது, எண்ணெய் இருந்தால் சமமாக ஏறும். அந்த இடைவெளியை நிரப்ப அடைக்கு ஒரு தேக்கரண்டி போதும், 40 கலோரி. அதற்கு மேல் விடுவது வெறும் பழக்கம். ஒட்டாத சட்டியில் எண்ணெயில்லாமல் சுட்டால் திருப்ப வரும், ஆனால் வாட்டிய உப்புமா உருண்டை போலத்தான் இருக்கும். அதைச் சாப்பிட முடியாமல் மேலே வெண்ணெயைத் தடவுவாய். அடி கனத்த வெண்கல உருளியோ தவலையோ இருந்தால் எடு, இல்லாவிட்டால் இரும்பு அப்பச்சட்டி போதும். கையைத் தண்ணீரில் தொட்டுக்கொண்டு வாழையிலைத் துண்டில் தட்டு. இலைக்கு எண்ணெய் பூசாதே, அங்கேயும் அரைக் கரண்டி காணாமல் போகும். போட்டதும் மூடி, அடுப்பைச் சிறிதாக்கு. மாவில் இருக்கும் ஈரமே ஆவியாகி மேல்பக்கத்தைப் பதமாக்கும். முதலில் மூடிக்குள் 'சொய்' என்ற சத்தம் அடர்த்தியாகக் கேட்கும். ஈரம் போகப் போக அது விட்டுவிட்டு வரும் சிறு பொரிச்சலாக மாறும். அப்போது மூடியைத் திற. விளிம்பு சிவந்து, அடை தானாகப் பாத்திரத்தை விட்டு நகர வேண்டும். நகராவிட்டால் எண்ணெய் விடாதே, இரண்டு நிமிஷம் பொறு. எண்ணெய் செலவாவதெல்லாம் இந்த அவசரத்தில்தான்.

நம் பெரியவர்கள் எண்ணெய் மிதக்கத்தானே சுட்டார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று உன் வீட்டில் யாராவது சொல்வார்கள். வயலில் பாடுபட்ட உடம்புக்கு அது தாங்கியது என்று சமாதானமும் சொல்வார்கள். அந்தச் சமாதானத்தை நான் ஏற்கமாட்டேன். காவிரி டெல்டாவில் நடவு நட்டவர்களும் கதிர் அறுத்தவர்களும் குடித்தது கஞ்சியும் பழையதும். தவலை அடை பெரும்பாலும் அக்கிரகாரத்துப் பிற்பகல் பலகாரம். உழைத்தவர் வேறு, எண்ணெய் விட்டுச் சாப்பிட்டவர் வேறு. உழைப்பின் பெயரைச் சொல்லி எண்ணெய்க்கு நியாயம் கேட்பது சரியில்லை.

பருப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடலைப் பருப்பு நிறையப் போட்டால்தான் அடை என்ற எண்ணம் எப்படி வந்ததோ தெரியவில்லை. காவிரிப் பாசன வயலில் விளையும் பருப்பு அது இல்லை. இங்கே சம்பாவோ தாளடியோ அறுவடையாகும் முன்பு, நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தையும் பச்சைப்பயறையும் விதைத்துவிடுவார்கள். நெல் அறுத்த வயலின் மிச்ச ஈரத்திலேயே, தனிப் பாசனம் இல்லாமல், பயறு வளர்ந்துவிடும். நெல் தரிசுப் பயறு என்று அதற்குப் பெயர். இந்த மண்ணின் பலகாரத்துக்கு இந்த மண்ணின் பயறு பொருந்தாதா? கடலைப் பருப்பில் பாதியைக் குறைத்துப் பாசிப்பருப்பு போடு. கலோரி குறையாது, முன்பே சொன்னேன். ஆனால் சீக்கிரம் வேகும். ரவையில் அரைவேக்காடாக நிற்காது. வயிற்றில் கல்லாகக் கிடக்கிறது என்று நாம் சொல்வதில் பாதி, பருப்பு சரியாக வேகாததன் குறைதான். கலோரிக் கனம் ஒன்று, செரிமானக் கனம் இன்னொன்று. இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் ஓட்ஸ் மாதிரி யோசனைகள் பிறக்கின்றன.

எண்ணெய்க்கு அடுத்தபடியாகக் கலோரியைக் குறைக்கத் தண்ணீரால்தான் முடியும். தண்ணீர் நிறைந்த காய் சேர். ஆற்றுப் படுகையில் விளையும் சுரைக்காயில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். 300 கிராம் துருவிப் போட்டால் 45 கலோரி கூடும், அடையின் எண்ணிக்கை பத்திலிருந்து பதின்மூன்றாகும். காய் விடும் நீருக்கு ஈடாகக் கொதிநீரைக் கொஞ்சம் குறைத்துக்கொள், இல்லாவிட்டால் மாவு தட்ட வராது. தாளிப்பை ஒரு மேசைக்கரண்டியாக்கி, தேக்கரண்டிக் கணக்கில் சுட்டால் அடை ஒன்று 150 கலோரிக்குள் நிற்கும். பழைய கணக்கில் அது 265. தேங்காய்ப் பல்லில் கை வைக்காதே. எல்லா அடைக்கும் சேர்த்து 175 கலோரிதான், கடிபடும்போது கிடைக்கும் ருசியை வேறு எதுவும் தராது.

தொட்டுக்கொள்ள வெல்லமும் வெண்ணெயும் என்பது வழக்கம். வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 100 கலோரி, அத்தனை பாடும் வீணாகும். சுட்ட கத்தரிக்காய் கொத்சு செய். புளியைக் கெட்டியாகக் கரைக்காதே, கத்தரிக்காயின் புகை வாசனை அடங்கிவிடும். செய்த கொத்சைக் கல்சட்டியில் வை. ஈயம் பூசாத வெண்கலத்தில் புளி பட்டால் களிம்பு ஊறும்.

அன்புடன்,
உன் ஆசிரியர்