அறிந்தவர் பிழைப்பரோ?

ஸ்வயம்வ்யக்த க்ஷேத்திரங்கள் எட்டினுள் ஒன்றாகப் போற்றப்பெறும் ஸ்ரீமுஷ்ணத்தில், அம்புஜவல்லித் தாயாருடன் எழுந்தருளியுள்ள பூவராகப் பெருமாளை ஸேவிக்க வந்திருக்கும் அன்பர்கள், ஹிரண்யாக்ஷனை மாய்த்துப் பூமிப்பிராட்டியை மீட்ட வரலாற்றை நன்கு அறிவர். அவ்வசுரன் முன்பு யாராக இருந்தான் என்று எண்ணும்போதுதான் ஓர் ஐயம் எழுகின்றது. வைகுண்ட வாயிலைக் காத்த ஜயவிஜயர் இருவருள் ஒருவரே அவனாகப் பிறந்தார். எம்பெருமானைக் கண்ணாரக் கண்டு நின்றவர் பிழை செய்தது எங்ஙனம்? முற்றும் அறிந்தவனும் தீமையை விரும்பிக் கொள்வானாயின், ஞானத்தால் நமக்கு ஆவது யாது?

ஸ்ரீமத் பாகவதம் மூன்றாம் ஸ்கந்தம் இதனை விரிவாகக் கூறுகின்றது. ஐந்து வயதுப் பாலகர் போலத் தோன்றிய ஸநகாதி முனிவர் நால்வரை, ஏழாம் வாயிலில் காவலர் பிரம்பால் தடுத்தனர். பகையே இல்லாத எம்பெருமானுக்குப் பகைவர் வரக்கூடும் என்று ஐயுற்றீரே என்பதுதான் முனிவர் சாற்றிய குற்றம். ஆகவே அப்பிழை, அறிவு நிறைந்திருக்கையில் செய்ததன்று. அறிவு சற்றே மறைந்த இடத்தில் அச்சம் புகுந்து செய்வித்தது. சபித்த முனிவரும் வெகுண்டவர்களே! எம்பெருமானைக் கண்டபின், எங்களையும் தண்டித்தருள்க என்று அவர்கள் வேண்டி நின்றனர். அவனோ, காவலர் குற்றத்தைத் தன் குற்றமாகவே ஏற்று, சாபமும் தன் ஸங்கல்பமே என்றான்.

இங்குக் கூறப்படும் வைகுண்டம், மீட்சியில்லாப் பரமபதம் அன்று எனக் கொள்வாரும் உண்டு. அது நிற்க.

ஸ்ரீபாஷ்யகாரர் திருவுள்ளப்படி, ஜீவனுடைய தர்மபூதஞானம் கர்மத்தால் சுருங்குவது. முக்தி நிலையில் தடையின்றி விரிவது. செயலில் முதல் முயற்சி ஜீவனுடையது. எம்பெருமான் அநுமதி அளிக்கின்றான். எனவே நாம் செய்யும் தீமைக்கு நாமே பொறுப்பு. ஆயினும், தீமை செய்ய வல்லமை இருப்பதே சுதந்திரம் என்பது பொருந்தாது. அங்ஙனமாயின், குற்றம் ஒன்றும் தீண்டாத ஸர்வஸ்வதந்திரனான எம்பெருமான் நம்மினும் சுதந்திரம் குறைந்தவனாகி விடுவானன்றோ? பெற்ற குழந்தைக்கு நஞ்சூட்ட மனம் வாராத தாயைக் கட்டுண்டவள் என்று யாரும் கூறார்.

‘இது தீது’ என்று அறிந்தே செய்கிறோமே எனில், அந்த அறிவு எத்தகையது என்று பார்க்கவேண்டும். புகை சூழ்ந்த தீயையும் அழுக்கேறிய கண்ணாடியையும் கீதையில் கண்ணன் உவமை காட்டினான். தீயும் அணையவில்லை, கண்ணாடியும் உடையவில்லை, ஆசை மூடியிருக்கின்றது.

சாபம் பெற்ற காவலர் வேண்டியதும் இதுவே. பிறவி தாழினும், எம்பெருமானின் நினைவை அழிக்கும் மயக்கம் தம்மை அணுகாதிருக்க வேண்டுமென்றனர். பகைமையிலும் அவனையே நினைந்து, மூன்று பிறவிகளில் மீண்டனர். பெருமாள் கோயில்களில் கருவறை வாயிலின் இருபுறமும் நிற்கும் துவாரபாலகரை ஜயவிஜயர் என்றே வழங்குகிறோம். ஹிரண்யாக்ஷனை முடித்த பெருமாள் உள்ளே எழுந்தருளியிருக்க, அவனாகப் பிறந்து மீண்டவர் வாயிலில் நிற்கின்றார்.