சத்து மாத்திரை என்று சொன்னோம்



சென்ற மாதம் ஒரு சபையில் ஆராதனை முடிந்து நின்றுகொண்டிருந்தபோது மூப்பர் ஒருவர் எங்களிடம் வந்து, "எச்.ஐ.வி.க்கு மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறதாமே ஐயா, பிறகு வாலிபப் பிள்ளைகள் ஏன் இன்னும் சாகிறார்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வாசற்படியில் நின்று பதில் சொல்ல முடியவில்லை. ஆகவே இந்த இதழின் பாடமாக அதையே எடுத்துக்கொண்டோம்.

இந்தியாவில் இந்தக் கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், நம் சென்னையில். டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும் அவருடைய மாணவி நிர்மலா அவர்களும் சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பரிசோதிக்கப்பட்டன. அன்று கொடுப்பதற்கு மருந்து இல்லை. 1996-இல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தபோதும், அதன் விலை நம் ஏழைகளுக்கு எட்டாக் கனியாகவே இருந்தது. அந்த நாட்களில் எங்கள் ஊழியம் பெரும்பாலும் கல்லறைத் தோட்டத்தில்தான் முடிந்தது. 2004 ஏப்ரல் முதல் தேதி அரசாங்கம் எட்டு மருத்துவமனைகளில் இலவச சிகிச்சையைத் தொடங்கியது. தாம்பரம் சானடோரியம் அவற்றில் ஒன்று. 2006-ஆம் ஆண்டின் இறுதியில் குழந்தைகளுக்கான திட்டம் வந்தது. 2017 முதல், உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறையட்டும் என்று காத்திராமல், கிருமி இருப்பது தெரிந்தவுடனே மருந்து தொடங்குகிறார்கள்.

இன்று பெரும்பாலானோருக்கு நாளொன்றுக்கு ஒரே மாத்திரைதான். டெனோபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் என்னும் மூன்று மருந்துகளும் அதற்குள் அடக்கம். முன்பிருந்த எபாவிரென்ஸ் கலந்த மாத்திரையை இரவில் போட்டால் தலைசுற்றலும் பயங்கரமான கனவுகளும் வருகின்றன என்று பிள்ளைகள் எங்களிடம் முறையிடுவார்கள். இப்போது அந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 20 வயதில் சிகிச்சை தொடங்கி, முதல் ஆண்டிலேயே நல்ல பலன் கண்டவர்கள் 78 வயதுவரை வாழ எதிர்பார்க்கலாம் என்று 2017-இல் கணக்கிட்டார்கள். கணவன் மனைவி போன்ற இருவரில் ஒருவருக்கு மட்டும் கிருமி உள்ள 888 ஜோடிகளை ஐரோப்பாவில் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. மருந்தினால் கிருமி அடங்கியிருந்தவர்களிடமிருந்து துணைவருக்கு ஒரு தொற்றுகூட ஏற்படவில்லை. சிகிச்சை இல்லாவிட்டால் தாயிடமிருந்து பிள்ளைக்குக் கிருமி பரவும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை; சிகிச்சை இருந்தால் ஐந்துக்கும் கீழே. இதை எழுதும்போதே நம் கை நடுங்குகிறது. 1990-களில் நாங்கள் அடக்கம் செய்தவர்களை நினைக்கிறோம்.

அப்படியானால் மூப்பரின் கேள்விக்கு என்ன பதில்? பல நாடுகளிலும் மருத்துவர்கள் ஒன்றைக் காண்கிறார்கள். பெரியவர்களைக் காட்டிலும் வளரிளம் பருவத்தினரிடமும் வாலிபரிடமும் கிருமி அடங்குவது குறைவு. நடுவில் மருந்தை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். மருந்து ஒன்றுதான். அதை விழுங்குகிறவருடைய வாழ்க்கைதான் வேறு.

ஒரு பையனைப் பற்றிச் சொல்லுகிறோம். பெயரும் ஊரும் சொல்ல மாட்டோம். சம்மதமில்லாமல் ஒருவருடைய நிலையை வெளிப்படுத்தக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்லுகிறது. பெற்றோர் இருவரும் இறந்தபின் பாட்டி வளர்த்த பிள்ளை. பள்ளியில் சேருமுன்பே மருந்து தொடங்கியாயிற்று. மாத்திரையைப் பாட்டியே கையில் கொடுத்து, தண்ணீர் குடிக்க வைத்து, வாயைத் திறந்து காட்டச் சொல்வார். "இது என்ன ஆயா?" என்றால் "சத்து மாத்திரைடா" என்பார். அவனுக்குப் பத்து வயதானபோது, உள்ளதைச் சொல்லும் காலம் வந்துவிட்டது என்று எங்கள் ஆலோசகர் சொன்னார். பாட்டி எங்கள் அறைக்கு வந்து அழுதார். "சொன்னா அவன் அம்மாவப் பத்தி என்னய்யா நெனப்பான்? பள்ளிக்கூடத்துல வாய் தவறிச் சொல்லிட்டான்னா?" அந்தக் கண்ணீருக்கு முன்னால் நாங்கள் இணங்கிவிட்டோம். இரண்டு வருஷம் போகட்டும் என்றோம். இரண்டு ஏழாயிற்று. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய நிலையைச் சொல்ல வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2011-இலேயே அறிவுறுத்தியிருந்தது. நாங்கள் அதை வாசிக்காமல் இல்லை.

பையனுக்குச் சந்தேகம் வராமலும் இல்லை. மருந்து வாங்கும் இடத்தின் சுவரில் ஒட்டியிருப்பதைப் படிக்கத் தெரியாத பிள்ளையா? ஆனால் பெரியவர்கள் யாரும் பேசாததை அவனும் கேட்கவில்லை. தொழிற்பயிற்சிக்குச் சேர்ந்து விடுதிக்குப் போனான். ஓர் அறையில் எட்டுப் பேர். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் டப்பாவில் மாத்திரை கலகலவென்று சத்தமிடும். "என்னடா அது?" என்று ஒருவன் கேட்டானாம். அன்றிரவே டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டான்.

எட்டு மாதம் கழித்து எங்களிடம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எடை 38 கிலோ. மாலைக் காய்ச்சல், இருமல், காசநோய். நூறு கூட இல்லை, எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை. படுக்கையருகே உட்கார்ந்து, ஏன் தம்பி நிறுத்தினாய் என்று கேட்டோம். எங்களை நேராகப் பார்த்து, "சத்து மாத்திரைதானேய்யா, அதான் நிறுத்திட்டேன்" என்றான். நாற்பது ஆண்டு ஊழியத்தில் அவ்வளவு கூர்மையான பிரசங்கத்தை நாங்கள் கேட்டதில்லை.

மருந்தை நிறுத்தினால் ஏன் இப்படி ஆகிறது என்பதையும் விளக்க வேண்டும். பரிசோதனையில் "கண்டறிய முடியவில்லை" என்று வந்தால் கிருமி போய்விட்டது என்று பொருளல்ல. உடம்பின் சில அணுக்களுக்குள் அது தூங்கிக்கொண்டிருக்கிறது. மருந்து அந்தத் தூக்கத்தைக் காவல்காக்கிறது. காவல் எடுபட்டால் சில வாரங்களிலேயே எழும்பிவிடும். விட்டுவிட்டுச் சாப்பிட்டால் மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறவும் கூடும்.

இங்கே போதகர்களுக்கும் ஜெபக்குழுத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை, கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரு கூட்டத்தில் ஜெபித்தபின் "நீ சுகமானாய், இனி மாத்திரை எதற்கு" என்று சொல்லக் கேட்ட ஓர் இளம்பெண் மருந்தை நிறுத்தினாள். பரிசோதனை முடிவும் அப்போது நன்றாகவே இருந்தது, ஆகவே நம்பினாள். மூளைச் சவ்வில் பூஞ்சைத் தொற்றோடு திரும்பி வந்தாள். அந்த அடக்க ஆராதனையை நாங்கள் நடத்தினோம். நாங்களும் ஜெபிக்கிறவர்கள்தான். ஜெபியுங்கள், மாத்திரையின்மேல் கை வைக்காதிருங்கள். இந்த வியாதியைப் பாவத்தின் தண்டனை என்று பிரசங்கிக்கும்போது, பிறக்கும்போதே அதைப் பெற்றுக்கொண்ட பிள்ளை கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கலாம் என்பதையும் நினையுங்கள். முற்காலத்தில் நாங்களே அப்படிப் பிரசங்கித்திருக்கிறோம்.

இதே துயரத்தை நம்மைவிடப் பெரிய அளவில் கண்ட நாடு ஆப்பிரிக்காவிலுள்ள ஜிம்பாப்வே. அங்கே 2004-இல் கிருமியுள்ள சில பிள்ளைகள் கூடிப் பேச ஓர் இடம் கேட்டார்கள். அதிலிருந்து "ஸ்வாந்திரி" என்னும் ஊழியம் வளர்ந்தது. "நான் இருக்கிறபடியே" என்பது அதன் பொருள். 18 முதல் 24 வயதுள்ள, தாங்களும் கிருமியோடு வாழுகிற வாலிபரைப் பயிற்றுவித்து, இளையவர்களின் வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். அது உண்மையில் உதவுகிறதா என்று 13 முதல் 19 வயதுள்ள ஏறக்குறைய 500 பேரிடம் ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில், இரண்டு ஆண்டுக்குச் சற்றுக் குறைவான காலத்தில், நூற்றுக்கு 36 பேர் கிருமி அடங்காமலோ இறந்தோ போனார்கள். வாலிபத் துணை கிடைத்தவர்களில் அது 25. இன்னும் 25 பேர் என்பது சிறிய துக்கமல்ல. ஆனாலும் புதிய மருந்தில்லாமல், ஒரு மனிதர் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததினால் மட்டும் ஏற்பட்ட வித்தியாசம் அது.

எங்கள் பையன் பிழைத்தான். காசநோய்க்குத் தரும் ரிபாம்பிசின் இந்த மருந்தின் வேகத்தைக் குறைத்துவிடும் என்பதால், அந்தக் காலம் முழுவதும் டொலுடெக்ராவிரை மாலையிலும் ஒரு வேளை கூடுதலாகப் போட்டான். இம்முறை எதை எதற்குப் போடுகிறோம் என்று தெரிந்தே போட்டான். உள்ளதை அவனுக்குச் சொன்ன அன்று பாட்டியும் உடனிருந்தார். "உங்கம்மா ஒண்ணும் தப்புப் பண்ணலடா" என்பதைத் தவிர அவரால் ஒன்றும் பேச முடியவில்லை. பின்னர் எடுத்த பரிசோதனையில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியிருந்தது. இப்போது வேலைக்குப் போகிறான். டப்பாவின் லேபிளைச் சுரண்டிவிட்டு, சத்தம் வராதபடி மேலே பஞ்சு அடைத்து வைத்திருக்கிறான்.

மருந்து வாங்க உங்கள் காணிக்கை தேவைப்படவில்லை, அரசாங்கம் தருகிறது. பிள்ளைகளின் பேருந்துச் செலவுக்கும், ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும், ஆலோசகரின் சம்பளத்துக்கும் அதைச் செலவிடுகிறோம். சிற்றாலயத்துக்குப் பின்னால் பழைய துணி வைத்திருந்த அறையைக் காலி செய்து வெள்ளையடித்திருக்கிறோம். இரண்டாம் சனிக்கிழமைகளில் அந்தப் பையன் தன்னைவிட இளைய நான்கு பேரோடு அங்கே உட்காருகிறான். எங்களை உள்ளே கூப்பிடுவதில்லை, அதுவும் நல்லதுதான். கதவில் என்ன பெயர்ப்பலகை மாட்டுவது என்று அவனிடம் கேட்டோம்.

"ஒண்ணும் மாட்டாதீங்கய்யா" என்றான்.