குலசேகரர் கடல் கடந்த வழி

இங்கிலாந்தின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் 1996 நவம்பரில் ‘கோவிந்தா’ என்னும் பாட்டு 7ஆம் இடத்தை எட்டியது. மின்கிதாரும் தம்பூராவும் தபலாவும் சேர்ந்தொலிக்கும் அந்த ராக் பாட்டு முழுவதும் வடமொழி. பாடிய குழு ‘குலா ஷேக்கர்’. முன்பு வேறு பெயரில் இயங்கிய அக்குழு 1995இல் இப்பெயரை ஏற்றது. ஆங்கிலேயர் செவிக்கு இது ஏதோ ‘குலுக்குபவன்’ என்பது போல் ஒலிக்கலாம். உண்மையில் இது நம் குலசேகர ஆழ்வாரின் திருப்பெயர்!

சேர நாட்டு மன்னர் ஒருவரின் பெயர் லண்டன் சென்றது எவ்வாறு?

குலசேகரர் 9ஆம் நூற்றாண்டினர் என்பது பலர் கருத்து. தமிழில் அவர் அருளியது பெருமாள் திருமொழி, பாசுரங்கள் 105. வடமொழியில் முகுந்தமாலையும் அவர் பெயரால் வழங்குகிறது. இரண்டையும் பாடியவர் ஒருவர்தாமா என்பதில் ஆராய்ச்சியாளர் வேறுபடுவர். அது நிற்க.

வங்க நாட்டுச் சைதன்யர் மரபு முகுந்தமாலையைப் போற்றியது. அம்மரபில் வந்த பக்திவேதாந்த சுவாமி, பழைய தில்லியில் சிப்பிவாடாக் கோயிலில் தங்கிப் பாகவத மொழிபெயர்ப்பின் முதல் பகுதிகளை 1962 முதல் 1965 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். பிறகு சரக்குக் கப்பலில் அமெரிக்கா சென்று, 1966இல் நியூயார்க்கில் கிருஷ்ண பக்தி இயக்கத்தைத் தொடங்கினார். தம் உரைகளில் குலசேகரரை அவர் அடிக்கடி எடுத்தாண்டார். அவ்வியக்கம் லண்டனில் வேரூன்றியது. அங்கே ‘கோவிந்தா’ என்னும் கீர்த்தனத்தைப் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1970இலேயே இசைத்தட்டாக்கினார். இப்பக்தி நெறியில் ஈடுபாடு கொண்ட கிறிஸ்பியன் மில்ஸ்தான் குலா ஷேக்கரின் தலைவர். ஆக, நாம் நாள்தோறும் கடக்கும் இத்தில்லித் தெருக்களும் அவ்வழியில் ஒரு படி.

இங்கே நாம் எண்ணவேண்டியது ஒன்றுண்டு. கடல் கடந்த குலசேகரர் வடமொழிக் குலசேகரர். திருவேங்கடத்துச் சுனையில் குருகாக, மீனாக, காட்டாறாக, வாயிற்படியாக இருக்க ஏங்கிய தமிழ்க் குலசேகரர் உடன் செல்லவில்லை. திருமலைக் கருவறை வாயிற்படிக்கு இன்றும் ‘குலசேகரன் படி’ என்றே பெயர். மகனைக் காட்டுக்கனுப்பிய தயரதன் புலம்பலையும், கண்ணனின் பிள்ளைப் பருவத்தைக் காணாத தேவகியின் ஏக்கத்தையும் பாடியவர் அவர்.

விடுதியில் இப்பாட்டைக் கேட்ட பஞ்சாபி நண்பர் ஒருவர், “அந்தக் குலசேகரர் உங்கள் ஊர்க்காரராமே, என்ன எழுதினார்?” என்று என்னைக் கேட்டார். தேவகியின் புலம்பலை எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்தவர், “இது ஏன் எங்களுக்குக் கிடைக்கவில்லை?” என்றார்.

அக்கேள்விக்கு விடை கூறும் கடமை தமிழ் மாணவராகிய நமக்கு உண்டு. நான்காம் திருமொழியில் பாசுரங்கள் 11. நம்மில் பதினொருவர் ஆளுக்கொன்றாக எடுத்து, இந்தியிலோ ஆங்கிலத்திலோ பெயர்த்து, நம் அடுத்த கூட்டத்தில் பிற மொழி நண்பர்களுக்குப் படித்துக் காட்டலாம். ஒரு பாசுரத்தை நான் ஏற்கிறேன். மற்றப் பத்துக்கும் யார் யார் முன்வருகிறீர்கள்?