தாமே அணிவகுக்கும் துகள்கள்

நல்லூர்ப் பகுதியில் வாழும் நமக்கு விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகள் புதியவை அல்ல. அங்கே பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசுக் கல்வி நிலையமும் உள்ளன. ஆனால் அந்தப் பொம்மைக்குள் மறைந்திருக்கும் விஞ்ஞானத்தை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

வெள்ளைக் களிமண்ணின் துகள்கள் மெல்லிய தகடு போன்றவை. பெரும்பாலானவை 2 மைக்ரானுக்கும் சிறியவை. நீரில் எளிதில் படியாமல் மிதக்கும் இத்தகைய நுண்துகள் கலவையைக் கூழ்மம் என்கிறோம். இதற்குரிய ஆங்கிலப் பெயரை 1861-இல் சூட்டியவர் தாமஸ் கிரகாம் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர்.

களிமண் தகட்டின் முகப்பில் எதிர் மின்னூட்டம் உண்டு. விளிம்பிலோ நேர் மின்னூட்டம் அமையக்கூடும். அப்போது ஒன்றின் விளிம்பு மற்றொன்றின் முகப்பில் ஒட்டிக்கொள்ளும். சீட்டுக்கட்டு வீடு போன்ற அமைப்பு தானே உருவாகும், குழம்பு கெட்டிப்படும். இதில் சிறிது சோடியம் சிலிகேட் சேர்த்தால் விளிம்புகளும் எதிர் மின்னூட்டம் பெறுகின்றன. துகள்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன. என்ன விந்தை! நீர் சேர்க்காமலே குழம்பு பால்போல் ஓடுகிறது. நூறு கிலோ மண்ணுக்கு அரைக் கிலோ அளவே பெரும்பாலும் போதும். அளவு மிஞ்சினாலோ மீண்டும் கெட்டியாகிவிடும்.

இக்குழம்பைப் பிளாஸ்டர் ஆப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சின் நுண்துளைகள் நீரை உறிஞ்ச, துகள்கள் சுவரோரம் வந்து நெருங்கி அடுக்கப்படுகின்றன. எவர் கையும் அவற்றை அடுக்குவதில்லை! அடுக்கு தடிக்கத் தடிக்க நீர் வெளியேறுவது மெதுவாகும். ஆகவே இருமடங்கு தடிமனுக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு நேரம் வேண்டும். பிறகு மிஞ்சிய குழம்பைக் கொட்டிவிட்டு, பொம்மை சற்று உலர்ந்து சுருங்கியதும் அச்சைப் பிரிப்பர். அவசரப்பட்டால் வடிவம் சிதையும். துகள்கள் சீராக அடுங்காவிடில் உலரும்போதோ சூளையிலோ விரிசல் விழும். பல நாள் உழைப்பும், மண்ணும், எரிபொருளும் வீணாகும். தொழிலாளியின் கூலியும் இந்தக் கண்ணுக்குத் தெரியாத அணிவகுப்பை நம்பியே இருக்கிறது.

இயற்கையும் இவ்வாறே செய்கிறது. ஓப்பல் என்னும் மணிக்கல்லில் ஒரே அளவுள்ள நுண்ணிய சிலிக்கா உருண்டைகள் வரிசையாகப் படிந்திருப்பதை ஆஸ்திரேலிய அறிஞர்கள் 1964-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் கண்டனர். அதன் வானவில் நிறங்களுக்குச் சாயம் காரணமன்று. அந்த ஒழுங்கே காரணம். இன்று விஞ்ஞானிகள் ஒளியை ஆளும் புதிய பொருள்களை இதே முறையில் ஆக்க முயல்கின்றனர்.

தோழியரே, இனிப் பீங்கான் பொம்மையைக் கையில் எடுக்கும்போது, கோடானுகோடித் துகள்களின் ஒழுங்கையும், அதற்குத் தக்க அளவறிந்து, பொறுமையுடன் காத்திருந்த கைகளையும் நினைத்துக்கொள்வோமாக!